கரவனைக் குளிருக்கு மூடி வைக்க முன்: தண்ணி, கழிவு, ரொய்லெட்

லெஸ்டரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாவித்த கரவன் ஒன்றைக் கோடையில் வாங்கி, பிள்ளைகளோடு மூன்று நாலு தரம் போய் வந்துவிட்டார். இப்போது அது வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தண்ணியெல்லாம் இறக்கிவிட்டாயா?" என்று கேட்டாராம். "சுடுதண்ணி ஹீற்றரின் வால்வைத் திறந்தேன், தண்ணி ஓடி முடிந்துவிட்டது. அது போதாதா? ரொய்லெட்டுக்கும் கழிவுக் குழாய்க்கும் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? நத்தார் விடுமுறைக்கு ஒருக்கால் போகவும் யோசனை இருக்கிறது" என்கிறார்.

போதாது, தம்பி. நானும் அது போதும் என்று நினைத்துத்தான் முதல் வருசமே காசைக் கரியாக்கினேன்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்று விளங்கிக்கொள்வார்கள். நான் சொல்வது இங்கே பிரித்தானியாவில் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சிறு வீடு. அதற்குள் குசினி, குளிக்கும் இடம், ரொய்லெட் எல்லாம் இருக்கும். வீட்டுக்குள் இருப்பதைவிட அதிக மூட்டுகளும் வளைவுகளும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு நிலம் அடியில் இருந்து கொஞ்சம் சூடு தரும். கரவனுக்கு அடியிலும் குளிர்காற்றுத்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010 டிசம்பர். பிரித்தானியாவில் நூறு வருசத்துக்கு மேலாக அப்படிக் குளிர்ந்த டிசம்பர் வந்ததில்லை. நான் ஒக்டோபரிலேயே ஹீற்றரின் மஞ்சள் பிடியைத் திருப்பி, கீழே தண்ணி ஓடுவதைப் பார்த்து, நின்றதும் திருப்தியோடு கதவைப் பூட்டினேன். மார்ச்சில் தண்ணி நிரப்பி பம்பைப் போட்டபோது கழுவு தொட்டிக்குக் கீழ் அலுமாரிக்குள் இருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பைப்பின் (தண்ணி திறந்து பூட்டும் பைப்பைச் சொல்கிறேன், குழாயை அல்ல) அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஊசி போலத் தண்ணி பீச்சி, பின்சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. வெளியே பில்டர் பூட்டும் கூடும் இரண்டாகப் பிளந்திருந்தது. குளிக்கும் பைப்பும் அதே கதி. ஹீற்றருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஏனென்றால் அதை மட்டும்தான் நான் ஒழுங்காக வெறுமையாக்கியிருந்தேன்.

தண்ணி உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். 100 லீற்றர் தண்ணி 109 லீற்றர் பனிக்கட்டியாகும். நிறையத் தண்ணி நிற்கும் இடத்தில்தான் ஆபத்து என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் பாதி நிரம்பிய வாளி உறைந்தால் வாளிக்கு ஒன்றும் ஆகாது, மேலே இடம் இருக்கிறது. பைப்புக்குள் ஒரு மேசைக்கரண்டித் தண்ணி, இரண்டு பக்கமும் அடைபட்டுக் கிடந்தால் அது பித்தளையையும் பிளக்கும். குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடும். இங்கத்தைய கரவன்களில் ஓடும் 12 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குழாய்க்கு நெளிந்து கொடுக்கும் குணம் உண்டு. உடைவது பைப்பின் உள்ளுடம்பு, பில்டர் கூடு, பம்பின் தலை, மூட்டுகள், குளிக்கும் பைப்பின் பூவாளி போன்ற விறைத்த சாமான்கள்தான்.

நான் விட்ட பிழை என்ன? பைப்புகளைப் பூட்டியபடி வால்வைத் திறந்தேன். இளநீருக்குள் விட்ட ஸ்ட்ரோவின் மேல்நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள், உள்ளே இருக்கும் இளநீர் விழாது. விரலை எடுத்தால்தான் விழும். பூட்டிய பைப் அந்த விரல் மாதிரி. ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மெசின் குழாயில் காற்றுப் பிடித்துவிட்டால் தண்ணி ஏறாது. வாளியால் தண்ணி வார்த்து, கையால் பொத்தி, காற்றைத் துரத்த எவ்வளவு பாடு. இங்கே அந்தக் காற்றையே வலிந்து கூப்பிட வேண்டும். எந்த இடத்துக்குள் காற்றுப் போகவில்லையோ, அந்த இடத்தில் தண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் தவறாது.

எப்போது செய்வது? ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவோமே, அந்தக் கிழமையை நான் கணக்காக வைத்திருக்கிறேன். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அதற்கு முன்னமே செய்ய வேண்டும். ஒரே ஒரு இரவு மைனஸ் ஒன்றைத் தொட்டது என்று பதறத் தேவையில்லை. பூட்டிய கரவனுக்குள் அந்தக் குளிர் இறங்கச் சில மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் வெளியே தொங்கும் குழாயும் பில்டர் கூடும் அவ்வளவு நேரம் தாங்காது.

இனி வேலை. முதலில் ஹீற்றரை நிறுத்துங்கள், காசும் கரன்ரும் இரண்டையும். காஸ் என்று வாசிக்கவும், காசு ஏற்கனவே போய்விட்டது. உள்ளே இருப்பது சுடுதண்ணி, ஆறவிட்டுத்தான் இறக்க வேண்டும். அடுத்தது பம்பின் சுவிட்ச். இதை மறந்தவர்கள் பலர். பல கரவன்களில் பைப்பைத் தூக்கினால் அதற்குள் இருக்கும் சின்னச் சுவிட்ச் பம்பை ஓட வைக்கும். பம்பை நிறுத்தாமல் பைப்புகளைத் திறந்து வைத்துவிட்டுப் போனால், பம்ப் வெறுமனே ஓடிக் கருகும், பற்றரியும் செத்துப்போகும்.

பிறகு பைப்புகளைத் திறவுங்கள். ஒற்றைப் பிடி பைப் என்றால் நடுவில் வைத்துத் தூக்கிவிட வேண்டும். குளிர்ப் பக்கம் திருப்பி விட்டால் சுடுதண்ணிக் குழாய் அடைபட்டுக் கிடக்கும், சுடுபக்கம் விட்டால் மற்றது. நடுவில் நின்றால்தான் இரண்டுக்குள்ளும் காற்றுப் போகும். குசினி, கை கழுவும் இடம், குளிக்கும் இடம், வெளியே கால் கழுவும் பைப் இருந்தால் அதுவும். இப்போதுதான் ஹீற்றர் வால்வு. டிருமா கொம்பனியின் அல்ட்ராஸ்ரோர் வகை ஹீற்றர் என்றால் உள்ளே 10 லீற்றர் இருக்கும். மஞ்சள் பிடி நட்டமாக நின்றால் திறந்தபடி, கிடையாகக் கிடந்தால் பூட்டியபடி. வாளி ஒன்றைக் கீழே வைத்து எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். 10 லீற்றர் தாங்கியில் இருந்து ஆறு லீற்றர்தான் வந்தது என்றால் இன்னும் எங்கோ ஒரு விரல் பொத்திக்கொண்டிருக்கிறது.

பூவாளியைக் கழற்றி உதறி, அதன் குழாயை நிலத்தோடு போட்டுவிடுங்கள். கொக்கியில் தொங்கவிட்டால் வளைவில் தண்ணி தங்கும். கரவனின் முன்சில்லை ஏற்றியும் இறக்கியும் ஒரு தடவை முன்னுக்கு, ஒரு தடவை பின்னுக்குச் சரியுங்கள். ஒவ்வொரு சரிவுக்கும் இன்னும் ஒரு கோப்பை வரும். அது ஓடி முடிய ஒரு மணித்தியாலம் விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

தண்ணி ஒளிந்திருக்கும் இடங்களைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். வெளியே நல்லதண்ணி நிற்கும் உருட்டுப் பீப்பாவுக்குள் இறக்கும் பம்பைத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். அதற்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு இருப்பதால் தானாகக் காலியாகாது. அந்தப் பம்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். கரவனுக்கு உள்ளேயே பூட்டிய பம்ப் என்றால், தண்ணி வரும் பக்கத்தைக் கழற்றிவிட்டு, சில செக்கன் மட்டும் ஓடவிட்டு நிறுத்தினால் தலைக்குள் கிடப்பது வெளியேறும். பில்டரைக் கழற்றி எறியுங்கள், அடுத்த வருசத்துக்கு என்று வைத்திருப்பது சிக்கனம் இல்லை, ஈரத்தில் ஆறு மாதம் கிடந்த பில்டரில் என்னென்ன வளரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூட்டைத் துடைத்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். உள்தொட்டி இருக்கும் கரவன் என்றால் அதற்குத் தனி வடிகால் திருகு இருக்கும். பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழ் பெட்டிக்குள். கேத்தலையும் கவிழ்த்து வையுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் குழாய்களின் பள்ளங்களில் கொஞ்சம் நிற்கும். இதற்கு ரயர் பம்பைக் கொழுவிக் காற்று ஊதித் தள்ளும் சின்னச் சாமான் ஒன்று புளோ என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. பம்ப் இறங்கும் இடத்தில் அதைச் செருகி, ஹீற்றர் வால்வைப் பூட்டி, பைப்புகளையும் பூட்டிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து ஊதுங்கள். தூரத்தில் இருக்கும் பைப்பில் தொடங்கினால் நல்லது. 'கடகட' என்று துப்பித் துப்பி வரும், பிறகு வெறும் காற்று வரும். எல்லாம் முடிந்ததும் வால்வையும் பைப்புகளையும் திரும்பத் திறந்து விடுங்கள். கால் பம்பே தாராளம். கராஜில் இருக்கும் கொம்பிரெசரைக் கொண்டுவந்து முழு வேகத்தில் ஊதினால் குளிர் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள்.

ஹீற்றர் எல்லாம் ஒரு மாதிரி இல்லை. டிருமா கொம்பி வகையில் புரொஸ்ட் கொன்ரோல் என்று ஒரு வால்வு இருக்கிறது. அதன் பக்கம் ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கினால், யாரையும் கேட்காமல் தானே திறந்து தாங்கித் தண்ணியைக் கொட்டிவிடும். கரன்ற் கூடத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் விடியக்காலை எழுந்து வண்டிக்குக் கீழே குளம் கட்டியிருப்பதைப் பார்த்து, ஹீற்றர் வெடித்துவிட்டது என்று மனைவியை எழுப்பி, எனக்கும் ஃபோன் அடித்தார். குமிழை அமத்தினால் திரும்பவும் வெளியே பாய்கிறது என்றார். வால்வு இருக்கும் இடம் ஏறத்தாழ 7 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை அது பூட்டாது. முதலில் உள்ளே சூடு போடுங்கள், அரை மணித்தியாலம் கழித்து அமத்துங்கள் என்றேன். பூட்டிவிட்டது. நல்ல காவல்காரன்தான். ஆனால் அவன் காப்பது தாங்கியை. பைப்பும் பம்பும் அவன் பொறுப்பில்லை.

ஆல்டே என்ற ஹீற்றர் வகையில் இரண்டு தண்ணி இருக்கிறது. சுவரோரம் சுற்றி ஓடி வீட்டைச் சூடாக்குவது உறையாமல் தடுக்கும் கிளைக்கோல் கலந்தது, 40 முதல் 50 வீதம் வரை. அதை இறக்கவே கூடாது, அது உறையாது. நாங்கள் கைகழுவும் தண்ணி நிற்கும் எட்டு லீற்றர் சொச்சத் தாங்கி வேறு, அதை மட்டும் மஞ்சள் பிடியால் இறக்க வேண்டும். பழைய வகைக் கிளைக்கோலை இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்வார்கள், நீண்டகால வகை ஐந்து வருசம் நிற்கும். பாவித்த கரவன் வாங்கியவர்கள் கடைசியாக எப்போது மாற்றினது என்று கேட்டு வையுங்கள்.

ஹீற்றரை மெல்லிய சூட்டில் விட்டுவிட்டால் இந்த வேலையெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே ஒரு சின்ன ஹீற்றர் ஈரலிப்புக்கு நல்லது, தண்ணிக்காக அதை நம்ப மாட்டேன். தரைக்குக் கீழே ஓடும் குழாய்க்கு அந்தச் சூடு போகாது. கரன்ற் ஒரு இரவு போனால் அத்தோடு சரி. இன்னொன்று, குளிரால் வந்த வெடிப்புக்குக் காப்புறுதி காசு தருமா என்பது நீங்கள் தண்ணியை இறக்கியிருந்தீர்களா என்பதில் தங்கியிருக்கலாம். உங்கள் பொலிசியில் அந்தப் பந்தியைத் தேடி வாசியுங்கள்.

இனிக் கழிவுத் தண்ணி. இங்கேதான் எங்கள் ஆட்களுக்கென்று தனிப் பிரச்சினை இருக்கிறது, எந்தக் கைநூலிலும் இருக்காது. வெள்ளைக்காரர் கரவனுக்குள் பெரும்பாலும் பாணும் பேக்கனும். நாங்கள் மீன்குழம்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே கட்டிபடும். இங்கே கோடையிலேயே அது போத்தலுக்குள் மெழுகு மாதிரி நிற்கும். கழுவு தொட்டிக்குக் கீழே போகும் கழிவுக் குழாய் நெளிநெளியாக, யானைத் தும்பிக்கை போல இருக்கும். சுடுதண்ணியோடு இறங்கும் தேங்காய்ப்பால் கொழுப்பு முதல் வளைவிலேயே ஆறி, ஒவ்வொரு நெளிவிலும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் அதில் பதியும். அது ஆறு மாதம் பூட்டிய வண்டிக்குள் கிடந்தால் பங்குனியில் கதவைத் திறக்கும்போது மூக்கைப் பொத்த வேண்டும்.

நான் செய்வது இது. கறிச்சட்டியையும் கோப்பைகளையும் கழுவ முன் கடதாசியால் வடிவாகத் துடைத்துக் குப்பையில் போடுவது, இது வருசம் முழுக்க. குளிருக்கு மூட முன்: ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா, அதன்மேல் ஒரு கோப்பை வினாகிரி. நுரைத்து அடங்கக் கால் மணித்தியாலம். பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த சூடான தண்ணி ஒரு வாளி, கை பொறுக்கும் சூடு. கொதிதண்ணி ஊற்றாதீர்கள், குழாய் இளகி மூட்டு கழன்றுவிடும்.

அதோடு விடக்கூடாது. பழைய பாய் ஒன்றை விரித்து கரவனுக்குக் கீழே படுங்கள். நாரி கொஞ்சம் முறையிடும், பரவாயில்லை. அடியில் கழிவுக் குழாய் கிளிப்புகளில் தொங்கிக்கொண்டு போகும். இரண்டு கிளிப்புக்கு நடுவே தொய்ந்து தொட்டில் மாதிரி நிற்கும் இடங்களைப் பாருங்கள். உள்ளங்கையால் அந்தத் தொய்வைத் தூக்கி, வெளிவாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். முதல் தடவை நான் இதைச் செய்தபோது 'களுக்' என்று ஒரு கோப்பை சாம்பல்நிறத் தண்ணி என் கைச்சட்டைக்குள் இறங்கியது. எல்லாம் ஓடி முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் கழித்துச் செய்தது அது. இப்போது தொய்யும் இடங்களில் கூடுதல் கிளிப் போட்டுவிட்டேன். எல்லாம் காய்ந்தபின் கழுவு தொட்டிகளின் அடைப்பான்களைப் போட்டு மூடி வையுங்கள், குழாய் நாற்றமும் பூச்சியும் மேலே வராது. கழிவுப் பெட்டியையும் நல்லதண்ணிப் பீப்பாவையும் வெறுமையாக்கி, மூடியைத் திறந்தபடி வெயில் படாத கொட்டிலுக்குள் வைத்துவிடுங்கள்.

அடுத்தது ரொய்லெட். எங்கள் ஊர்க் கக்கூஸ் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது, கரவன்களில் நாங்கள் பாவிக்கும் தெட்ஃபோர்ட் வகைக் கசெட் ரொய்லெட்டுகளும் ஒல்லாந்தில் செய்யப்படுபவை என்று பகிடி விடுவேன். கசெட் என்பது பக்கக் கதவால் இழுத்தெடுக்கும் பெட்டி, 18 லீற்றர் அளவு கொள்ளும். இதை எல்சன் பொயின்ற் என்று முகாம்களில் இருக்கும் இடத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வருவதுதான் மரியாதை. மறந்து கொண்டுவந்துவிட்டால், பிரதான சாக்கடையோடு இணைந்த வீட்டு ரொய்லெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தண்ணி அடிக்கலாம். மலக்குழி உள்ள வீடு என்றால் ஃபோர்மல்டிகைட் கலந்த நீல மருந்து அங்கே போகக் கூடாது, குழிக்குள் வேலை செய்யும் கிருமிகளைக் கொன்றுவிடும். வாசலில் இருக்கும் மழைநீர்க் கானுக்குள் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது நேரே ஆற்றுக்குப் போகலாம். கொட்டும்போது பெட்டியின் மேலிருக்கும் காற்றுக் குமிழைப் பெருவிரலால் அமத்திப் பிடியுங்கள். இங்கேயும் காற்றுத்தான். அமத்தாவிட்டால் 'குபுக் குபுக்' என்று காலில் தெறிக்கும்.

இரண்டு மூன்று தரம் அலசி, கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, திரும்ப அலசுங்கள். அடிக்கும் தண்ணிக்குச் சில மாடல்களில் தனித் தொட்டி உண்டு, சிலதில் கரவனின் தண்ணியே வரும். தனித் தொட்டி இருந்தால் தண்ணி வராமல் நிற்கும்வரை அடித்து அடித்து முடியுங்கள். பிறகும் அடியில் கொஞ்சம் இருக்கும், அதற்குக் கசெட் கதவுக்குப் பக்கத்தில் வடிகுழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

கசெட்டின் வாயில் ஒரு தகடு வழுக்கித் திறக்கும், அதைச் சுற்றி ரப்பர் வளையம். நாற்றத்தையும் ஒழுக்கையும் தடுப்பது அதுதான், குளிர்காலத்தில் பழுதாவதும் அதுதான். தகட்டை இறுக்கப் பூட்டி ஆறு மாதம் விட்டால் ரப்பர் ஒட்டிப்பிடித்து, வசந்தத்தில் திறக்கும்போது கிழியும். தகட்டைத் திறந்த நிலையிலேயே விடுங்கள். ரப்பரைத் துடைத்து, அதற்கென்று விற்கும் பூச்சைப் பூசுங்கள், இல்லையென்றால் ஒலிவ் எண்ணெய் சில துளி. வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வசலின் மூன்றும் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் எதற்கும் நல்லெண்ணெய் என்று ஓடி வருபவர் ஒருவர் இருக்கிறார், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

உறையாமல் இருக்கக் காருக்கு ஊற்றும் அன்ரிஃபிரீசைத் தண்ணிக் குழாய்க்குள் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கோல், குடித்தால் ஆளைக் கொல்லும் நஞ்சு. அது ஒருக்கால் போன குழாயில் பிள்ளைக்குத் தண்ணி எடுக்க எனக்கு மனம் வராது. புரொப்பிலீன் கிளைக்கோல் என்று உணவுத்தரத்தில் விற்பது வேறு. கழிவுத் துவாரத்தின் வளைவில் தண்ணி நின்றே தீரும் என்றால் அதில் கொஞ்சம் விடலாம். நல்ல தண்ணிக் குழாயைப் பொறுத்தவரை வெறுமையாக்குவதே போதும்.

நத்தாருக்குப் போவது பற்றி. தாராளமாகப் போகலாம், சில முகாம்கள் வருசம் முழுக்கத் திறந்திருக்கும். ஐரோப்பியத் தரத்தில் மூன்றாம் நிலை என்று சான்று பெற்ற கரவன் என்றால், வெளியே மைனஸ் 15 இருக்க நாலு மணித்தியாலத்தில் உள்ளே 20 டிகிரிக்கு வர வேண்டும், தண்ணியும் ஓட வேண்டும். ஆனால் வெளியே நிற்கும் பீப்பாவும் கழிவுப் பெட்டியும் அந்தச் சான்றுக்குள் வராது. இரவில் பம்பைத் தூக்கி உள்ளே எடுத்துவிடுங்கள். பீப்பாவுக்குச் சட்டை போடலாம், அல்லது ஒரு வாளித் தண்ணி உள்ளே வைத்துக்கொண்டால் காலைத் தேத்தண்ணிக்குக் கவலையில்லை. கழிவுக் குழாயை நீட்டி வளைக்காமல், நேரே கீழே ஒரு வாளிக்குள் விழ விடுங்கள். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணி நீண்ட குழாயில் உறைந்து உறைந்து காலையில் வாயை அடைத்துவிடும். வாளிக்குள் ஒரு பிடி உப்புப் போட்டால் உறைவது பிந்தும். காஸ் சிலிண்டர் நீலமா சிவப்பா என்றும் பாருங்கள். நீலத்தில் இருக்கும் பியூட்டேன் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தாலே ஆவியாக மறுக்கும், சிவப்பில் இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நடுச்சாமத்தில் ஹீற்றர் நின்று, சிலிண்டரில் பாதி காஸ் இருக்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் நீலச் சிலிண்டர்க்காரர்கள். திரும்பி வந்ததும் மேலே சொன்ன இறக்கும் வேலை முழுதும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு தரம் செய்தாயிற்றே என்ற சலுகை குளிரிடம் கிடையாது.

மூடி வைக்கும் நாளில் ஒரு துண்டில் "தண்ணி இல்லை, பம்ப் போடாதே, ஹீற்றர் போடாதே" என்று எழுதி ஹீற்றர் சுவிட்சில் ஒட்டிவிடுங்கள். வெறும் தாங்கியில் கரன்ரைப் போட்டால் சூடாக்கும் கம்பி போய்விடும். பிள்ளைகள் ஓடி வந்து சுவிட்ச் தட்டும் வீட்டில் இது தேவை.

வசந்தத்தில் திறக்கும்போது பைப்புகளைப் பூட்டி, வால்வைப் பூட்டி, தண்ணி நிரப்பி, பம்பைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். பைப்புகளைத் திறக்காதபோதும் பம்ப் இடைக்கிடை தானாக ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. காய்ந்த கடதாசியை ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் வைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் கடதாசி காட்டும். சுடுதண்ணிப் பைப்பில் துப்பல் நின்று சீராக ஓடிய பிறகுதான் ஹீற்றரைப் போட வேண்டும்.

கிருமி நீக்குவதற்குப் பிள்ளைகளின் பால்போத்தலுக்குப் பாவிக்கும் மில்டன் பீப்பாவுக்கு நல்லது. பாசி பிடித்திருந்தால் ஒரு பிடி குறுணல் அரிசியும் தண்ணியும் போட்டுக் குலுக்கினால் ஊரில் போத்தல் கழுவின மாதிரிச் சுத்தமாகும். ஆனால் குளோரின் சேர்ந்த எதையும் ஹீற்றருக்குள் விட டிருமா வேண்டாம் என்கிறது. அதற்கென்று இருக்கும் மருந்தை வாங்குங்கள். லண்டன், தென்கிழக்குப் பக்கம் சுண்ணாம்புத் தண்ணி, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தப் படிவு ஹீற்றருக்குள்ளும் உண்டு, வைன் வினாகிரி கலந்த தண்ணியை நிரப்பி ஊறவிட்டுக் கழுவினால் கரையும். பிறகு ஹீற்றரை 70 டிகிரிக்கு விட்டு, எல்லாப் பைப்புகளிலும் சுடுதண்ணி ஓடவிடுங்கள். லீஜியனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையில் தேங்கிய தண்ணியில் பெருகுவது, அந்தச் சூட்டைத் தாங்காது. பூவாளியை அப்போது நிலத்தோடு பிடியுங்கள், நீராவியை முகத்துக்கு நேரே விடாதீர்கள்.

அந்த முதல் நிரப்பில் தேத்தண்ணி போடாதீர்கள். மருந்து மணமே இல்லாமல் போகும்வரை நல்ல தண்ணியால் அலசி, அதையும் ஓடவிட்டு, திரும்ப நிரப்பிய தண்ணியில் போடுங்கள்.